சிறுநீர் கழித்த முறைகளை எண்ணிய மருத்துவர்: ஆர்ச்சி காக்ரேனும் பெண்கள் மறைக்கும் ஒரு நோயும்

கத்தார் தலைநகர் தோஹாவின் தென்மேற்கே, எண்களால் அறியப்படும் வீதிகளைக் கொண்ட தொழில்பேட்டை அமைந்துள்ளது. பட்டறைகளும் கிடங்குகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த இப்பகுதியில், தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்கள் உட்பட பெரும் எண்ணிக்கையிலான தெற்காசியத் தொழிலாளர்கள் வசிக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு அங்கு திறக்கப்பட்ட ஹஸ்ம் மெபைரீக் பொது மருத்துவமனையும் ஆண் தொழிலாளர்களுக்காகவே அமைக்கப்பட்டது.

எனவே, பெண்களின் நோய்கள் இந்தப் பேட்டையை வந்தடைவது பெரும்பாலும் தொலைபேசி வழியாகத்தான். ஊரில் உள்ள தாய்க்கோ மனைவிக்கோ எழுதித் தரப்பட்ட மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் வருகிறது. மாதந்தோறும் அந்த மருந்துக்குப் பணம் அனுப்ப வேண்டியவர், அது உண்மையிலேயே பயனளிக்குமா, விலை குறைந்த வேறொரு மருந்து அதே பயனைத் தராதா என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறார்.

அவ்வாறு கேட்கப்படும் நோய்களில், வெளியில் சொல்லவே பெண்கள் தயங்கும் ஒன்றும் உண்டு. திடீரென அடக்க முடியாத அவசரத்துடன் சிறுநீர் கழிக்கத் தோன்றுவது, பகலில் பலமுறை கழிப்பறைக்குச் செல்ல நேர்வது, இரவில் உறக்கம் கலைந்து எழுவது, சில வேளைகளில் கழிப்பறையை அடையும் முன்பே சிறுநீர் கசிந்துவிடுவது ஆகியவை இதன் அறிகுறிகள். மருத்துவர்கள் இதனை ஓவர்ஆக்டிவ் பிளாடர், அதாவது சிறுநீர்ப்பையின் மிகைச் செயல்பாடு என்று அழைக்கின்றனர்.

இந்நோய்க்கான மருந்துகளில் எது மேலானது என்ற கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான விடை உண்டு. அந்த விடையைத் தேடும் முறைக்கு அடித்தளம் இட்டவர்களில் முக்கியமானவர், 1988-ஆம் ஆண்டு மறைந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் காக்ரேன். அவர் சிறுநீரக மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ அல்லர். ஆனால் அவரது முதல் மருத்துவப் பரிசோதனையே, நோயாளிகள் ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழித்தார்கள் என்று எண்ணியதில்தான் தொடங்கியது. அதை அவர் நடத்தியது ஒரு போர்க்கைதிகள் முகாமில்.

மருத்துவர்களால் கைவிடப்பட்ட நோயாளி

ஆர்ச்சி காக்ரேன் 1909-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸ் நகரில் பிறந்தார். ட்வீட் எனப்படும் கம்பளித் துணி உற்பத்தியில் செல்வம் ஈட்டிய குடும்பம் அது. முதல் உலகப் போரில், 1917-ஆம் ஆண்டு காஸாவில் நடந்த சண்டையில் அவரது தந்தை கொல்லப்பட்டார். அப்போது ஆர்ச்சிக்கு வயது எட்டு.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறிய அவர், 1930-களின் தொடக்கத்தில் ஆய்வகப் பணியில் ஈடுபட்டார். ஆனால் அந்தரங்கமான ஒரு உடற்கோளாறு அவரை வாட்டியது. பாலியல் தொடர்பான அக்கோளாறை மருத்துவர்களிடம் சொன்னபோது, அது உடலில் உள்ள நோயல்ல, மனத்தின் பிரச்சினை என்று ஒதுக்கப்பட்டது. சிக்மண்ட் ஃபிராய்டின் மாணவரான தியோடர் ரைக்கிடம் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை பெறுவதற்காக காக்ரேன் பெர்லின் சென்றார். ஹிட்லரின் எழுச்சியை அடுத்து ரைக் இடம்பெயர்ந்தபோது, அவரைத் தொடர்ந்து வியன்னாவுக்கும் பின்னர் நெதர்லாந்தின் ஹேக் நகருக்கும் சென்றார்.

சிகிச்சையால் குணம் கிடைக்கவில்லை. எனினும் அந்த ஆண்டுகள் அவருக்கு மூன்றைத் தந்தன: ஜெர்மன் மொழி, நாஜிகள் மீதான வெறுப்பு, ஆதாரம் இல்லாமல் உறுதியாகப் பேசுவோர் மீதான ஐயம். போர்ஃபிரியா எனும் பரம்பரை வளர்சிதை மாற்ற நோய் தமது குடும்பத்தில் இருப்பதை அவர் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அறிந்தார். உறவினர்களிடமிருந்து சிறுநீர், மல மாதிரிகளைத் திரட்டி அந்நோயின் தடத்தை அவரே தேடினார்.

வெட்கத்தால் சொல்லத் தயங்கும் ஒரு கோளாறு, சொன்ன பிறகும் மனப்பிரமை என்று தள்ளிவிடப்படும் அனுபவம் ஆகிய இரண்டும் இன்றும் பல பெண்களுக்கு நன்கு பழக்கமானவை. காக்ரேன் அவற்றை இளமையிலேயே நோயாளியாக இருந்து அறிந்திருந்தார்.

லண்டனில் மருத்துவம் பயின்ற காலத்தில், 1936-ஆம் ஆண்டு படிப்பை இடைநிறுத்திவிட்டு ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுத் தரப்பினருக்காக மருத்துவ ஊர்திக் குழுவில் பணியாற்றினார். திரும்பி வந்து 1938-ஆம் ஆண்டு மருத்துவரானார். தேசிய சுகாதார சேவை வேண்டும் என்று கோரி அக்காலத்தில் லண்டனில் நடந்த ஊர்வலம் ஒன்றில் அவர் தனியாக ஒரு பதாகையை ஏந்திச் சென்றார். பயனளிக்கும் சிகிச்சைகள் அனைத்தும் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். எல்லாச் சிகிச்சைகளும் என்று அவர் கோரவில்லை. பயனளிப்பவை எவை என்று முதலில் கண்டறிய வேண்டும் என்ற நிபந்தனை அக்கோரிக்கைக்குள்ளேயே இருந்தது. அந்தப் பதாகையை அக்காலத்தில் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சலோனிகா முகாமில் இருபது பேர்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்த காக்ரேன், 1941-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் கிரேட் தீவில் ஜெர்மன் படைகளிடம் கைதானார். வட கிரேக்கத்தின் சலோனிகாவில் இருந்த போர்க்கைதிகள் முகாமுக்கு அவர் கொண்டு செல்லப்பட்டார். ஜெர்மன் மொழி பேசத் தெரிந்திருந்ததால், அங்கு முதன்மை மருத்துவ அதிகாரியின் பொறுப்பு அவரிடம் வந்தது.

முகாமில் உணவு மிகக் குறைவு. வயிற்றுப்போக்கும் மஞ்சள்காமாலையும் பரவியிருந்தன. சிரிப்புச் சத்தம் சந்தேகத்துக்கு இடமாக இருந்ததாகக் காரணம் கூறி, கைதிகள் நெருக்கியடித்திருந்த கழிப்பறைக்குள் காவலர் ஒருவர் கையெறி குண்டை வீசிய நிகழ்வும் அங்கு நடந்தது.

அந்நிலையில் கைதிகளின் கால்களில் வீக்கம் காணத் தொடங்கியது. நாள்தோறும் வீங்கிய கால்களுடன் வருவோரின் எண்ணிக்கை பெருகியது. காக்ரேனின் கால்களும் முழங்காலுக்கு மேல்வரை வீங்கியிருந்தன. வைட்டமின் பி குறைபாட்டால் வரும் பெரிபெரி நோயாக இது இருக்கலாம் என்று அவர் கருதினார். கடலோடிகளின் ஸ்கர்வி நோய்க்கு எது மருந்து என்பதைக் கண்டறிய, 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லிண்ட் எனும் கடற்படை மருத்துவர் நோயாளிகளைப் பிரித்து வெவ்வேறு மருந்துகளை ஒப்பிட்டது அவரது நினைவுக்கு வந்தது.

காக்ரேன் கள்ளச் சந்தையில் ஈஸ்ட் வாங்கினார். தம்மிடம் கொஞ்சம் வைட்டமின் சி மாத்திரைகளையும் வைத்திருந்தார். கடுமையான கால் வீக்கம் கொண்ட இளம் கைதிகள் 20 பேரைத் தேர்ந்து, பத்துப் பத்துப் பேராக இரண்டு அறைகளில் வைத்தார். ஓர் அறையினருக்கு ஈஸ்ட், மற்றோர் அறையினருக்கு வைட்டமின் சி.

உடலில் தேங்கிய நீர் வெளியேறுகிறதா என்பதை அறிய சிறுநீரின் அளவை அளக்க வேண்டும். ஆனால் அளப்பதற்கு வாளிகள்கூட முகாமில் இல்லை. எனவே ஒவ்வொருவரும் ஒரு நாளில் எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று அவர் கணக்கெடுத்தார்.

முதல் இரண்டு நாட்களில் வேறுபாடு ஏதும் தெரியவில்லை. மூன்றாம் நாள் சிறிது தெரிந்தது. நான்காம் நாள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. ஈஸ்ட் பெற்றவர்களில் பெரும்பாலோர் தேறியிருந்தனர். மற்ற அறையில் மாற்றமில்லை. தமது குறிப்புகளுடன் காக்ரேன் ஜெர்மன் அதிகாரிகளிடம் சென்று நிலைமையை விளக்கினார். அவர்களில் இருந்த இளம் மருத்துவர் ஒருவருக்கு அந்த எண்ணிக்கைகள் நம்பிக்கையளித்தன. மறுநாளே பெருமளவு ஈஸ்ட் முகாமுக்கு வந்து சேர்ந்தது. உணவும் ஓரளவு கூட்டப்பட்டது.

இதைத் தமது வெற்றிக் கதையாக மட்டும் அவர் சொல்லிக்கொள்ளவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. 1984-ஆம் ஆண்டு மருத்துவ இதழொன்றில் இந்நிகழ்வை விவரித்தபோது, அந்தப் பரிசோதனையின் குறைகளை அவரே பட்டியலிட்டார். ஆட்கள் மிகக் குறைவு. காலம் மிகக் குறுகியது. அளந்த முறையும் சரியானதல்ல. நோய்க்கான காரணம் என்று தாம் ஊகித்ததும் பெரும்பாலும் தவறு என்று அவர் கருதினார். அவர் ஊகித்த காரணம் தவறாக இருந்தும் அந்த ஒப்பீடு உயிர்களைக் காத்தது.

மருந்தில்லாத ஓர் இரவு

பின்னர் ஜெர்மனியில் எல்ஸ்டர்ஹோர்ஸ்ட் முகாமில் இருந்தபோது நடந்த ஒரு நிகழ்வு, காக்ரேனின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. உயிர் பிரியும் நிலையில் இருந்த ஓர் இளம் சோவியத் கைதி நள்ளிரவில் கொண்டுவரப்பட்டார். அவர் ஓயாமல் அலறிக்கொண்டிருந்தார். மற்ற நோயாளிகள் விழித்துவிடக் கூடாதென்று அவரைத் தமது அறையிலேயே காக்ரேன் கிடத்தினார். நுரையீரல் உறையின் அழற்சியே வலிக்குக் காரணம் என்று அவர் நினைத்தார். மார்ஃபின் கைவசம் இல்லை. ஆஸ்பிரின் பயன் தரவில்லை. ரஷ்ய மொழியும் அவருக்குத் தெரியாது.

இறுதியில் அவர் படுக்கையில் அமர்ந்து அந்த இளைஞரைத் தமது கைகளில் ஏந்திக்கொண்டார். அலறல் அடங்கியது. சில மணி நேரத்தில் அவர் அமைதியாக உயிர் நீத்தார். உடல்வலியைவிடத் தனிமையே அவரை அலற வைத்தது என்று காக்ரேன் உணர்ந்தார். நோயைத் தவறாகக் கணித்ததற்காக வெட்கப்பட்ட அவர், அந்நிகழ்வை நெடுங்காலம் வெளியில் சொல்லவில்லை.

எண்ணிக்கையை வலியுறுத்திய அவரை இரக்கமற்றவர் என்று சொல்வோருக்கு இந்த இரவு பதிலளிக்கிறது. பரிவும் ஆதாரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று அவர் கருதவில்லை. சிகிச்சையை அளந்து பார்க்க வேண்டும், நோயாளியின் அருகில் இருக்கவும் வேண்டும் என்பதே முகாம்கள் அவருக்குக் கற்றுத்தந்த பாடம்.

சுரங்கத் தொழிலாளர்களிடையே

போருக்குப் பிறகு லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் காக்ரேன் பொதுச் சுகாதாரம் பயின்றார். அங்கு அவருக்குப் புள்ளியியல் கற்பித்தவர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். எந்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் பரிசோதனையை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் அவர். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றி 1948-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அம்முறையின் மைல்கல்லாகக் கருதப்படுகிறது. சலோனிகாவில் தாம் குறைபாட்டுடன் செய்ததன் சரியான வடிவத்தை காக்ரேன் அதில் கண்டார்.

1948-ஆம் ஆண்டு வேல்ஸ் சென்ற அவர், நிலக்கரித் தூசியால் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோயை ஆராயும் அமைப்பில் சேர்ந்தார். ரோண்டா ஃபாக் எனும் பள்ளத்தாக்கில் வீடுவீடாகச் சென்று, ஏறக்குறைய முழு மக்கள்தொகையையும் எக்ஸ்-ரே பரிசோதனைக்கு உட்படுத்த முயன்றார். மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் நோயின் உண்மையான அளவு தெரியாது, வராதவர்களையும் தேடிச் செல்ல வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார்.

சிறுநீர்ப்பைக் கோளாறுக்கு இந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தும். அந்நோயுள்ள பெண்களில் பலர் மருத்துவரிடம் செல்வதே இல்லை. வயதானால் இப்படித்தான் என்றோ, பிள்ளை பெற்றவர்களுக்கு இது இயல்பு என்றோ எண்ணிப் பொறுத்துக்கொள்கின்றனர். பயணத்தைத் தவிர்க்கின்றனர். திருமண வீடுகளுக்குச் செல்வதைக் குறைக்கின்றனர். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வோரும் உண்டு.

மகப்பேறு மருத்துவத்துக்குக் கிடைத்த மரக்கரண்டி

1972-ஆம் ஆண்டு காக்ரேன் எழுதிய சிறு நூல் ஒன்று வெளியானது. சுகாதாரச் சேவையில் பயன், சிக்கனம் ஆகிய இரண்டையும் பற்றிய அந்நூல் அவருக்கு உலகப் புகழ் தந்தது. வளங்கள் எப்போதும் வரம்புக்குட்பட்டவை. எனவே முறையான ஒப்பீட்டில் பயன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் அவர் வாதிட்டார். வளங்கள் குறைந்த குடும்பத்துக்கும் இது பொருந்தும்.

மருத்துவ உலகின் இரட்டை நிலையை வெளிப்படுத்த அவர் செய்த ஒரு குறும்பும் பேசப்பட்டது. மாரடைப்பு நோயாளிகளுக்கு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு நல்லதா, வீட்டுச் சிகிச்சை போதுமா என்று ஒப்பிடும் ஆய்வு ஒன்று நடந்துவந்தது. அதன் தொடக்க முடிவுகளை அவர் தலைகீழாக மாற்றி, வீட்டில் இறப்பு சற்று அதிகம் என்பதுபோல் இதய நோய் மருத்துவர்கள் சிலரிடம் காட்டினார். ஆய்வை உடனே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கொதித்தனர். பிறகு உண்மையான எண்களைக் காட்டினார். சற்று அதிகமான இறப்பு மருத்துவமனையில்தான் நிகழ்ந்திருந்தது. அந்த வேறுபாடு உறுதியானதல்ல என்றாலும், இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகளை மூட வேண்டும் என்று சொல்ல அவர்கள் எவரும் முன்வரவில்லை.

1979-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், மருத்துவத்தின் எந்தப் பிரிவு ஆதாரத்தை மிக அதிகமாகப் புறக்கணிக்கிறது என்ற கேள்வியை அவர் எழுப்பினார். கடைசி இடம் பெறுவோருக்குக் கேலியாக மரக்கரண்டி பரிசளிப்பது பிரிட்டிஷ் வழக்கம். அந்த மரக்கரண்டியை மகப்பேறு மருத்துவத்துக்கு அவர் வழங்கினார். பெண்களின் உடலில் செய்யப்படும் பல சிகிச்சைகள், ஒப்பிட்டுப் பார்க்கப்படாமலே வழக்கமாகிவிட்டன என்பதே அவரது குற்றச்சாட்டு. ஒவ்வொரு துறையிலும் நடந்த முறையான பரிசோதனைகள் அனைத்தையும் திரட்டிச் சுருக்கி, அவ்வப்போது புதுப்பிக்கும் ஏற்பாடு எதுவும் மருத்துவத் துறையில் இல்லை என்றும் அக்கட்டுரை சாடியது.

அந்த விமர்சனத்தை இயன் சால்மர்ஸ் எனும் மகப்பேறு மருத்துவ ஆய்வாளரும் அவரது சகாக்களும் சவாலாக ஏற்றனர். கர்ப்பகாலம், பிரசவம் தொடர்பான பரிசோதனைகளை அவர்கள் பல ஆண்டுகள் தேடித் திரட்டினர். 1989-ஆம் ஆண்டு இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்த அந்நூலுக்கு காக்ரேன் முன்னுரை எழுதியிருந்தார். மரக்கரண்டியை மீளப் பெற்றுக்கொள்வதாக அதில் அவர் அறிவித்திருந்தார். நூல் வெளிவரும்போது அவர் உயிருடன் இல்லை.

1988-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி, 79-ஆவது வயதில் காக்ரேன் காலமானார். தமக்கான இரங்கல் குறிப்பைத் தாமே எழுதி வைத்திருந்த அவர், அதிலும் தம்மை உயர்த்திச் சொல்லவில்லை.

மருந்துகளை ஒப்பிட்டபோது

1992-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் சால்மர்ஸ் தொடங்கிய மையத்துக்கு காக்ரேனின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு அது உலகளாவிய கூட்டமைப்பாக விரிந்தது. சிறுநீர்க் கசிவுக்கென்று தனி ஆய்வுக் குழுவும் அதில் இடம்பெற்றது.

சிறுநீர்ப்பையின் தசை, அசிட்டைல்கோலின் எனும் வேதிப்பொருளின் தூண்டுதலால் சுருங்குகிறது. அத்தூண்டுதலைத் தடுப்பவை ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள். 1970-களில் அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்த ஆக்சிபியூட்டினின், 1990-களின் பிற்பகுதியில் வந்த டோல்டெரோடின், 2000-களில் வந்த சோலிஃபெனாசின், ஃபெசோடெரோடின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொரு புதிய மருந்தும் முந்தையதைவிட மேலானது என்ற விளம்பரத்துடனேயே சந்தைக்கு வந்தது.

இம்மருந்துகளைப் போலி மாத்திரையுடன் ஒப்பிட்ட 61 பரிசோதனைகளின் முடிவுகளைத் திரட்டிய காக்ரேன் மதிப்பாய்வு 2006-ஆம் ஆண்டு வெளியானது. மருந்து உட்கொண்டவர்களில் நூற்றுக்கு சுமார் 56 பேர் குணமோ முன்னேற்றமோ கண்டதாகக் கூறினர். மருந்தே இல்லாத போலி மாத்திரை உட்கொண்டவர்களிலும் நூற்றுக்கு சுமார் 41 பேர் அவ்வாறே கூறினர். மருந்தினால் கிடைத்த கூடுதல் பயன், வாரத்துக்கு சுமார் நான்கு கசிவுகளும் ஐந்து கழிப்பறைப் பயணங்களும் குறைந்தது மட்டுமே. இந்தக் கணக்கை நோயாளிகள் தங்கள் நாட்குறிப்பில் எழுதிவந்தனர். சலோனிகா முகாமில் வாளி இல்லாததால் காக்ரேன் நாடிய அதே அளவுகோல் அது.

மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்ட மற்றொரு மதிப்பாய்வு 2012-ஆம் ஆண்டு வந்தது. 31,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 86 பரிசோதனைகள் அதில் ஆராயப்பட்டன. பழைய ஆக்சிபியூட்டினினும் அதற்குப் பின் வந்த டோல்டெரோடினும் ஏறக்குறைய ஒரே அளவு பயனளித்தன. ஆனால் டோல்டெரோடின் உட்கொண்டோருக்கு வாய் உலர்தல் குறைவாக இருந்தது. டோல்டெரோடினைவிட சோலிஃபெனாசின் சற்று மேலாகப் பயனளித்தது. ஃபெசோடெரோடினும் அவ்வாறே, ஆனால் வாய் உலர்ந்து மருந்தைக் கைவிட்டவர்கள் அதில் அதிகம். உடனடியாகக் கரையும் மாத்திரைகளைவிட மெதுவாகக் கரைந்து நாள் முழுதும் செயல்படும் மாத்திரைகள் வாயைக் குறைவாகவே உலர்த்தின.

இந்த முடிவுகளுக்கும் வரம்புகள் உண்டு. பரிசோதனைகளில் பல, மருந்து நிறுவனங்களின் நிதியுதவியுடன் நடந்தவை. பெரும்பாலானவை சில வாரங்களே நீடித்தவை. நோயோ பல ஆண்டுகள் நீடிப்பது. சலோனிகா ஆய்வில் காக்ரேன் கண்ட குறைகளில் ஒன்றான குறுகிய காலம், இங்கும் தொடர்கிறது.

ஒப்பிட வேண்டியது பயனை மட்டுமல்ல. ஆன்டிகோலினெர்ஜிக் மருந்துகள் மலச்சிக்கலையும் பார்வை மங்கலையும் ஏற்படுத்தக்கூடும். அவை வியர்வையைக் குறைப்பதால், கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வளைகுடா வெப்பத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு உயரும் வாய்ப்பு உண்டு. முதியவர்கள் இவ்வகை மருந்துகளை நீண்டகாலம் உட்கொள்வதற்கும் மறதி நோய்க்கும் தொடர்பு காணும் ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆனால் மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை. 2010-களில் அறிமுகமான மிராபெக்ரான் வேறு வழியில் செயல்படுவதால் வாயை உலர்த்துவது குறைவு. ஆனால் அது ரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும் என்பதால், கட்டுப்பாட்டில் இல்லாத கடும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உகந்ததல்ல.

மருந்துக்கு முன்பே செய்ய வேண்டியவையும் உள்ளன. சிறுநீர்ப் பாதைத் தொற்றோ நீரிழிவோ காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். கழிப்பறைக்குச் செல்லும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டும் பயிற்சி, இடுப்புத்தளத் தசைகளுக்கான உடற்பயிற்சி, தேநீர், காபியைக் குறைத்தல் ஆகியவை தொடக்கச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றுக்குப் பெரிய செலவில்லை. இவற்றை விளம்பரம் செய்ய எந்த நிறுவனமும் முன்வருவதில்லை.

வேலூர் வழியாக

காக்ரேனின் பெயர் தாங்கிய அமைப்பின் தெற்காசியக் கிளை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கியது. அக்கல்லூரிக்கு வித்திட்டவர் ஐடா ஸ்கடர். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்ததால் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் பயின்ற அவர், 1900-ஆம் ஆண்டு வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் சிகிச்சைப் பணியைத் தொடங்கினார். பெண்களின் நோய் வெளியே சொல்லப்பட வேண்டும் என்ற ஸ்கடரின் முயற்சியும், அந்நோய்க்குத் தரப்படும் மருந்து அளந்து பார்க்கப்பட வேண்டும் என்ற காக்ரேனின் வலியுறுத்தலும் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன எனலாம்.

2007-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கட்டணத்தை ஏற்றுக்கொண்டதால், இந்தியாவில் இணைய வசதியுள்ள எவரும் காக்ரேன் நூலகத்தை இலவசமாகப் படிக்கும் வாய்ப்பு உருவானது. எளிய மொழியில் அமைந்த மதிப்பாய்வுச் சுருக்கங்கள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டன. பயனளிக்கும் சிகிச்சை அனைவருக்கும் கிடைக்க வேண்டும் என்று தனியாகப் பதாகை ஏந்தியவரின் கோரிக்கையில், குறைந்தபட்சம் எது பயனளிக்கும் என்ற தகவலாவது எட்டக்கூடியதாகியுள்ளது.

எனினும் அந்தத் தகவல் உரியவரைச் சென்றடைய, முதலில் அந்தப் பெண் தமது நோயை ஒருவரிடம் சொல்ல வேண்டும். சொல்வதைக் கேட்பவர் அதை மனப்பிரமை என்றோ முதுமை என்றோ ஒதுக்காமல் இருக்க வேண்டும். தோஹா தொழில்பேட்டையிலிருந்து பணம் அனுப்பும் மகன், மருந்தின் விலையை மட்டுமல்லாமல், கழிப்பறைக்குச் செல்லும் முறைகள் குறைந்தனவா, வாய் உலர்கிறதா, இரவில் உறக்கம் வருகிறதா என்று தாயிடம் கேட்கலாம். தாய் சில நாட்களுக்கு அதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டலாம். அந்தக் குறிப்பைக் கொண்டு மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரும் அவரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.

அதற்குத் தேவைப்படுவது ஒரு தாளும் பேனாவும் மட்டுமே. 1941-ஆம் ஆண்டு சலோனிகா முகாமில் காக்ரேனிடம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.